பீட்ரூட்டுதான், பயப்படாதீங்க

காவலூர்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஜோஹரா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வக்காரும் இங்கே சுகம். நீங்களும் ஃபிஜா பாபியும் மகள் இஃப்ராவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன வாரம் போனில் நான் கத்த, நீங்கள் "இன்னா? இன்னா சொல்ற?" என்று கேட்க, எங்கள் கடைக்கு வந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். டேனரியில் தோல் சுழற்றும் டிரம் சத்தம் உங்கள் காதைத் தின்றுவிட்டது. இந்த மலையில் டவரும் சரியில்லை. நமக்கு எழுதிக்கொள்வதுதான் சரி.

மருத்துவ முகாமில் உங்களுக்கு ரத்தம் குறைவு என்று சொன்னதாக இஃப்ரா சொன்னாள். மாத்திரை கொடுத்தார்களாம். மாத்திரையை நீங்கள் எந்த லட்சணத்தில் சாப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டேன். பீட்ரூட். முழுக்க உங்களுக்காக.

விதையை ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கினேன். அது விதை மாதிரியே இல்லை அண்ணா. சொரசொரவென்று, நசுங்கிய மிளகு போல. பக்கத்து நிலத்து அம்மாக்கண்ணு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பாயம்மா, ஆட்டுப் புழுக்கைய காயவச்சு வித்துட்டானா?" என்றாள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு மூன்று விதை ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஊறவைத்து, இன்று காலை ஊன்றினேன். மேலே சாணிப் பொடி தூவியிருக்கிறேன்.

மாத்திரையையும் விடாதீர்கள். பாபிக்கும் இஃப்ராவுக்கும் என் சலாம்.

உங்கள் தங்கை,
ஜோஹரா

*

வாணியம்பாடி
2.8.2024

அன்புத் தங்கை ஜோஹராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் புண்ணியத்தில் எல்லோரும் நலம். வக்கார் மாப்பிள்ளையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நீ எனக்காக மண்ணைக் கொத்துகிறாய் என்று படித்ததும் பாபியிடம் காட்டினேன். "உங்க தங்கச்சி ஒன்னு ஆரம்பிச்சா வுடமாட்டா, சாப்பிட்டுத்தான் ஆவணும்" என்றாள். உண்மைதான். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது யார் சொல்லியும் கேட்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தவள் நீ.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அசதி, வயதாகிறது. சாயப் பிரிவில் இந்த மாதம் சிவப்புத் தோல் ஆர்டர். டிரம்மில் பொடியைக் கொட்டும்போது பறக்கிறது. மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை சிவப்பு, வியர்வையைத் துடைத்தால் பனியன் சிவப்பு. இருபது வருடத்துக்கு மேலாக ஏதாவது ஒரு நிறத்தில்தான் வீட்டுக்கு வருகிறேன். இதில் உன் பீட்ரூட் வேறு. வரட்டும், சாப்பிடுகிறேன்.

முளைத்ததா என்று எழுது.

உன் அண்ணன்,
அதாவுல்லா

*

காவலூர்
5.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். வக்காரின் மூட்டு குளிர் வந்தால் முணுமுணுக்கிறது, வெயில் வந்தால் அடங்கிவிடுகிறது.

முளைத்துவிட்டது! தண்டு மட்டும் ரத்தச் சிவப்பு, இலை பச்சை. ஆனால் ஒரு கஷ்டம். ஒரே இடத்தில் மூன்று மூன்றாக நெருக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கே வைக்காது. எனக்கு மனசு வரவில்லை. அம்மாக்கண்ணு வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "நீ பாவம் பாத்துக்கினே இரு, எல்லாம் எலியாட்டம் வாலுதான் வுடும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன். பிடுங்கிய நாற்றையெல்லாம் பருப்பில் போட்டுக் கடைந்தேன், அருமை.

ஒரு நாள் முள்ளம்பன்றி வந்து ஓரத்துப் பாத்தியைக் கிளறிவிட்டது. வக்கார் கடையிலிருந்த பழைய தகரங்களைக் கொண்டுவந்து சுற்றிலும் அடைத்துவிட்டார். மிச்சம் பத்திரம். இப்போது மண்ணுக்கு மேலே தோள்பட்டை மாதிரி கிழங்கு எட்டிப் பார்க்கிறது. தினமும் மண் அணைக்கிறேன்.

பஸ் கண்டக்டர் ராஜாக்கண்ணுவிடம் சொல்லிவைத்துவிட்டேன். பை அவர் வண்டியில் வரும். தோலோடு வேகவையுங்கள், உரித்துவிட்டு வேகவைத்தால் சத்தெல்லாம் தண்ணீரில் போய்விடும். பாபிக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
ஜோஹரா

*

வாணியம்பாடி
12.10.2024

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் இருவர் சுகத்துக்கும் துஆ.

ராஜாக்கண்ணு பையை பஸ் ஸ்டாண்டில் என் கையிலேயே கொடுத்தார். நறுக்கியதும் உள்ளே வளையம் வளையமாக அவ்வளவு அழகு. பாபி பொரியல் செய்தாள், இஃப்ரா சாறு பிழிந்து கொடுத்தாள். தினமும் சாப்பிடுகிறேன். கடைக்காயில் இல்லாத இனிப்பு இருக்கிறது. சும்மா சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தங்கையிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பயிரிட்டவள் நீ, உனக்குத்தான் தெரியும். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி எதுவும் இல்லை. பார்த்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். பாபியிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். இது பீட்ரூட்டால்தானே?

உடனே எழுது.

அண்ணன்,
அதாவுல்லா

*

காவலூர்
17.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்தானே?

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் வக்கார் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் போன வாரம் இப்படித்தான் முகம் வெளுத்து வந்து நின்றார், "ஜோஹரா, எனக்கு இன்னாவோ ஆயிருச்சு" என்று. எனக்கும் அப்படித்தான் போகிறது. போனிலும் தேடிப் பார்த்தேன், சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே இறங்குமாம். இதற்கெல்லாம் டாக்டரிடம் போய் நிற்காதீர்கள், சிரித்து அனுப்பிவிடுவார். பீட்ரூட்டுதான், பயப்படாதீங்க.

நிறம் இறங்குகிறது என்றால் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த பையும் இதோடு வருகிறது. இரண்டாவது விதைப்புக்கும் பாத்தி தயார்.

பாபியிடம் சொல்லாதது நல்லதுதான். அவர்கள் கவலைப்படுவார்கள்.

அன்புடன்,
ஜோஹரா

*

வாணியம்பாடி
17.11.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். மலையில் குளிர் அதிகம் என்று ராஜாக்கண்ணு சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பாபி ஒரு நாள் எப்படியோ அந்தச் சிவப்பைக் கவனித்துவிட்டாள். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "ஜோஹரா எழுதியிருக்கா பாரு" என்றதும் அவளும் அமைதியாகிவிட்டாள்.

அடுத்த பை எப்போது வரும்? நீ அனுப்பியது தீர்ந்து சில நாளாகிறது. சீக்கிரம் அனுப்பு. கொஞ்சமாக இருந்தாலும் சரி.

அண்ணன்,
அதாவுல்லா

*

காவலூர்
5.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. டிசம்பரில் இரண்டு முறை பை அனுப்பினேன். பாபிதான் வந்து வாங்கிக்கொண்டார்கள், அதிகம் பேசவில்லை என்று ராஜாக்கண்ணு சொன்னார். என் மேல் ஏதாவது கோபமா? வக்கார் தங்கை கல்யாணத்துக்கு உங்களை நேரில் வந்து அழைக்கவில்லை என்றா? அன்று கடையை விட்டு வர முடியவில்லை அண்ணா.

இரண்டாவது விதைப்பு நன்றாக வந்திருக்கிறது. பனியில் இலை கருஞ்சிவப்பாக மாறிவிட்டது. கிழங்கு முதல் தடவையைவிடப் பெரிது. எடுத்து அனுப்பட்டுமா? ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை,
ஜோஹரா

*

வாணியம்பாடி
28.1.2025

ஜோஹரா புப்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இஃப்ரா எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் செய்தேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் உங்கள் குரலைக் கேட்டால் கத்தியிருப்பேன். அதனால் எழுதி ராஜாக்கண்ணு அண்ணனிடம் கொடுக்கிறேன்.

அத்தா வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் காலையில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ரத்தக் கட்டி. ஆட்டோவில் கொண்டுபோகும்போது வலியில் என் கையைக் கடித்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சதைக்குள் இறங்கிவிட்டது, பையையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். தோலுக்குச் சாயம் என்றதும் தலையை ஆட்டினார். அந்தப் பொடியோடு நெடுநாள் இருந்தவர்களுக்கு இது வருவது உண்டாம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா பையைக் காப்பாத்தியிருக்கலாமே, எவ்ளோ நாளா ரத்தம் போவுது?" என்று கேட்டார். அத்தா சட்டைப் பையைத் தொட்டார். அதில் உங்கள் கடிதம் இருந்தது.

டிசம்பரில் அம்மா எத்தனை முறை டாக்டரிடம் போகலாம் என்றார்கள் தெரியுமா? ஒவ்வொரு முறையும் அத்தா அதை எடுத்து நீட்டினார். வீட்டில் பீட்ரூட் தீர்ந்த பிறகும் சிவப்பாகத்தான் போனது, புப்பி. நான் கேட்டேன். "உள்ள தங்கியிருக்கும்" என்றார்.

உங்களுக்கு எழுத வேண்டாம், ஜோஹரா தாங்க மாட்டாள் என்று அத்தா சொன்னார். நான் எழுதுகிறேன். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. ஆனாலும் வாருங்கள். அத்தா உங்களைத் தேடுகிறார்.

இஃப்ரா

*

காவலூர்
15.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். இந்த நோன்பு மாதம் முழுக்க உங்களுக்காகத்தான் துஆ.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் போய்விட்டது. வக்காருக்கு மூட்டு வீங்கிவிட்டது, கடையைப் பார்க்க ஆள் இல்லை. மலைப் பாதையிலும் வேலை நடந்தது. பெருநாளுக்கும் வருவது சந்தேகம்தான். தவறாக நினைக்க வேண்டாம்.

பாபியையும் இஃப்ராவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜோஹரா

*

வாணியம்பாடி
8.4.2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். பெருநாள் வாழ்த்து, தாமதமாகத்தான். உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்தது இப்போதுதான். வயிற்றின் பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டியிருக்கிறார்கள். இனி சிறுநீர் அதில்தான். பாபி மாற்றிவிடுகிறாள். முதலில் அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் அன்று பாபி ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். கீழே வேப்ப மரத்தடியில் நீ நின்றதைப் பார்த்திருக்கிறாள். பழக்கூடையோடு வெகுநேரம் நின்றாயாம். இறங்கி வருவதற்குள் கூடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயாம். வக்காரின் மூட்டு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று ராஜாக்கண்ணு சொன்னார். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் பீட்ரூட் வருவதற்கு முன்பே எனக்கு ரத்தம் போனது. போன வருட நோன்பில் முதல் தடவை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் நின்றுவிட்டது. பிறகு ஆடியில் ஒரு தடவை. அதுவும் நின்றது. நீ பயிர் வைத்ததே ரத்தம் குறைந்தது என்றுதானே? அது எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியும். டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்றும் ஓரளவு தெரியும். எங்கள் பிரிவில் முன்பு ஒருவர் இப்படித்தான் போனார்.

உன் பை வந்தபோது எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. உன்னிடம் கேட்டது தெரிந்துகொள்வதற்கு இல்லை ஜோஹரா. நீ என்ன பதில் எழுதுவாய் என்று தெரிந்துதான் கேட்டேன். முன்பு இரண்டு தடவை போனதை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் நீயே என்னைக் கழுத்தைப் பிடித்து டாக்டரிடம் தள்ளியிருப்பாய். அதன் பிறகு பயம் வரும்போதெல்லாம் உன் எழுத்தை எடுத்துப் படித்தேன். உன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இது பாபிக்குத் தெரியாது. சொல்லிவிடாதே. அவள் இப்போது தாங்க மாட்டாள்.

அண்ணன்,
அதாவுல்லா

*

காவலூர்
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ரணம் ஆறிவிட்டதா?

ஆமாம், மரத்தடியில் நின்றேன். படிக்கட்டு வரைக்கும் இரண்டு முறை போனேன். மேலே போனால் நீங்கள் என்னைச் சமாதானம் செய்வீர்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போகிறவர் எனக்கு ஆறுதல் சொல்வதைக் கேட்கத் தைரியம் இல்லை. இப்போதும் அதைத்தான் செய்கிறீர்கள். நோன்பில் போனது, ஆடியில் போனது என்பதெல்லாம் என் மனம் ஆற நீங்கள் கட்டியது என்றுதான் தோன்றுகிறது.

நிஜமாகவே இருந்தாலும், "டாக்டரிடம் போய் நிற்காதீர்கள்" என்று எழுதியது என் கை. யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதினேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

இஃப்ராவின் கடிதம் வந்த அன்று தோட்டத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக் குழியில் போட்டேன். அம்மாக்கண்ணு ஓடிவந்து, "உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? அதுங்க இன்னா பண்ணிச்சி?" என்று கத்தினாள். பாதியை அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டாள். எங்கள் வீட்டில் வக்கார் பீட்ரூட் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

நீங்கள் சொன்னபடி பாபியிடம் எதுவும் சொல்ல மாட்டேன். எப்போதாவது வருவேன். எப்போது என்று தெரியவில்லை.

ஜோஹரா

*

வாணியம்பாடி
18.5.2025

ஜோஹராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபிஜா எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருவரும் நலமா?

வெள்ளிக்கிழமை சாயப் பிரிவு பஞ்சாட்சரம் இவரைப் பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் டீ போட உள்ளே போனேன். பஞ்சாட்சரம் இவர் காதருகே வந்து உரக்கத்தான் கேட்க வேண்டியிருந்தது, அதனால் எனக்கும் கேட்டது.

"பாய், எனக்கும் செவப்பா போச்சு. ஒரு தபாதான். நின்னு போச்சு. உங்களுக்கு மொதல்ல எப்போ வந்துச்சு?"

இவர் தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாத மனிதர், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "போன வருசம் நோன்புல. எனக்கும் நின்னு போச்சுன்னுதான் வுட்டேன். யாருகிட்டயும் சொல்லல. நீ வூட்டுக்குப் போவாத பஞ்சாட்சரம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. சம்சாரத்தைக் கூட்டிக்கினு போ."

டீ தம்ளரோடு நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் இவர் முகம் போன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

பஞ்சாட்சரம் சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டார். ஆரம்பம்தான், சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டியதில்லை என்கிறார்களாம்.

அந்த நோன்பு மாதம் முழுக்க விடியுமுன் ஸஹருக்கு எழுப்பிச் சோறு போட்டவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், சொல்லவில்லை. இரண்டு நாள் நான் இவரோடு பேசவில்லை. பையை மாற்றினேன், சாப்பாடு போட்டேன், பேசவில்லை. இன்று காலை அழுதார். உனக்கு ஏப்ரலிலேயே எழுதிவிட்டதாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. அண்ணனும் தங்கையும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, நான் தாங்க மாட்டேன் என்று முடிவுசெய்து, காகிதத்தில் பேசிக்கொண்டீர்கள். யார் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் ஜோஹரா? தினமும் அந்தப் பையைக் கழற்றிக் கழுவுவது யார்?

அவர் உனக்கு எழுதியது உன்னைத் தேற்றுவதற்கு இல்லை என்று உனக்குத் தெரியட்டும். அத்தனையும் உண்மை. நீ எழுதிய வரியும் உண்மை. அதற்கு உன்னை விட்டுவிட மாட்டேன். நானும் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சும்மா இருந்தவள்தான். மனசு கேட்காமல்தான் இருந்தது, ஆனாலும் இருந்தேன். என்னையும் விட்டுவிட முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வா. பையை எப்படி மாற்றுவது என்று கற்றுக்கொள். எனக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும், இஃப்ராவுக்குப் பரீட்சை வரும். வந்து இவர் காதில் கத்திச் சொல்ல வேண்டியதையெல்லாம் கத்திச் சொல். தெரு கேட்டால் கேட்கட்டும். மனசு விட்டுப் பேசாமல், காகிதத்தை வைத்துக்கொண்டு நாம் மூன்று பேரும் செய்தது போதும்.

மரத்தடியில் நிற்காதே. கதவு திறந்திருக்கும்.

ஃபிஜா